வடசென்னையில் ‘பொட்டி’ என்றால் என்னென்ன பொருள்?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, தண்டையார்பேட்டையில் வாடகைக்குக் குடியிருக்கும் மென்பொருள் துறை இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டுக்காரம்மா அவரைப் பிறருக்கு அறிமுகப்படுத்தும்போது, ‘தம்பி பொட்டி தட்ற வேலை பாக்குறாரு’ என்கிறார். தேநீர்க் கடையில் உள்ளூர் அரசியல் பேசுகிறவர்கள், ‘பொட்டி கை மாறிடுச்சு’ என்கிறார்கள். தெருவில் ஒரு பெரியவர் இறந்த அன்று, ‘ஐஸ் பொட்டி வந்துச்சா?’ என்று ஒருவர் கேட்க, இவர் மீன் வைக்கும் பெட்டியை நினைத்துக்கொண்டு குழம்பி நின்றிருக்கிறார். பெட்டிதான் பொட்டி ஆயிற்றா, அது கொச்சையா, தம்மைப் பொட்டி தட்டுகிறவர் என்பது இளக்காரமா என்பவை அவருடைய ஐயங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, இந்தச் சொல்லைக் கேட்டும் பேசியும் வளர்ந்தவன் என்ற முறையில் என்னால் இயன்ற அளவு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கொச்சை என்ற பழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெட்டி பொட்டி ஆவது தனித்து நடந்த விபத்தன்று. பெண் பொண்ணு ஆகிறாள், பெண்டாட்டி பொண்டாட்டி ஆகிறாள், பிள்ளை புள்ளை ஆகிறது, பிடி புடி ஆகிறது, மிட்டாய் முட்டாய் ஆகிறது, பிழைப்பு பொழப்பு ஆகிறது. இவை எல்லாவற்றிலும் முதலெழுத்து இதழ்களைக் குவித்தோ மூடியோ பிறக்கும் ப, ம, வ வரிசையைச் சேர்ந்தது. அதன்மேல் இகரமோ எகரமோ ஏறியிருக்கிறது. அடுத்து வருவது ட, ண, ள, ழ போல நாவை மேலே வளைத்துச் சொல்ல வேண்டிய எழுத்து. பிறந்தவன் பொறந்தவன் ஆவதைப் பார்த்தால் றகரத்தையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம். முன்னே இதழ் எழுத்தும் பின்னே நாவளை எழுத்தும் நெருக்கும்போது, இடையில் நிற்கும் இகரம் உகரமாகவோ ஒகரமாகவோ, எகரம் ஒகரமாகவோ குவிந்துவிடுகின்றன. பின்வரும் எழுத்து மாறினால் இந்த மாற்றம் நிகழ்வதில்லை என்பதே இது விதி என்பதற்குச் சான்று. ‘பெரிய’ என்பதைப் ‘பொரிய’ என்றோ, ‘மெதுவா’ என்பதை ‘மொதுவா’ என்றோ எங்கள் பக்கத்தில் எவரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இந்த விதி வடசென்னைக்கு மட்டும் உரியதன்று. பொண்ணு என்று சொல்லாத மாவட்டம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் அதை இன்னும் சற்றுத் தொலைவு கொண்டுபோய், வீட்டை ‘வூடு’ என்றும் வேண்டாம் என்பதை ‘வோணாம்’ என்றும் நெடிலுக்கும் விரித்துவிட்டது, அவ்வளவுதான். அப்படி விரித்தபோதும் வண்ணாரப்பேட்டையை வண்ணாரப்போட்டை என்று யாரும் ஆக்கவில்லை. உங்கள் ஊரில் பனையோலையில் முடைந்த பெட்டியைப் பாட்டிமார் எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘ஓலைப்பொட்டி’ என்றுதான் சொல்வார்கள். அந்த வாயில் வரும்போது மண்வாசனை என்று கொண்டாடுகிற நாம், அதே ஒலி தண்டையார்பேட்டையிலிருந்து வரும்போது மட்டும் கொச்சை என்று முகம் சுளிப்பது நியாயமில்லை. சென்னைத் தமிழ் என்றாலே உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்தது என்பார்கள். பேஜாரும் நாஷ்டாவும் அப்படி வந்தவைதாம். பெட்டி அப்படி வந்ததன்று. தெலுங்கில் பெட்டெ, கன்னடத்தில் பெட்டிகெ, மலையாளத்தில் பெட்டி என்று தென்னாட்டு மொழிகள் அனைத்திலும் வாழும் பழைய குடும்பச் சொல் அது.

ஒலியைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதே விதிப்படி பெட்டை என்பது ‘பொட்டை’ ஆகும். அது பெண்ணை இழிவாகவும், ஆணின் ஆண்மையைப் பழித்தும் சொல்லும் வசைச்சொல். ஈற்றெழுத்து ஒன்றே வேறுபாடு என்பதால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. பொட்டி என்பதில் எந்த இழிவும் கிடையாது. அதை எந்தப் பெரியவர் முன்னும் தயங்காமல் சொல்லலாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். பெட்டி முதலில் வீட்டுச் சாமான் என்பதை மறந்துவிட்டால் மற்ற பொருள்கள் எவையும் விளங்கா. நாங்கள் வளர்ந்தது ஒண்டுக்குடித்தனம். ஒரு கூரையின் கீழ் ஏழு குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். கட்டிலோ நாற்காலியோ அலமாரியோ வைக்க அந்த அறையில் இடமும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. இருந்த ஒரே பெரிய சாமான் அம்மா திருமணத்தின்போது கொண்டுவந்த டிரங்குப் பெட்டி. மழைநாளில் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பதால் அது எப்போதும் நான்கு செங்கற்களின்மேல் நிற்கும். பகலில் அதன்மேல் பாய்களும் தலையணைகளும் அடுக்கப்பட்டிருக்கும். மாலையில் அவற்றை இறக்கிவிட்டு அதையே மேசையாக்கி நாங்கள் பாடம் எழுதுவோம். விருந்தாளி வந்தால், ‘பொட்டி மேல குந்துங்க’ என்பார் அம்மா. அறைக்கு அறை இதே காட்சிதான்.

அந்தப் பெட்டிக்குள் கூறைப்புடவை இருந்தது, ரேஷன் அட்டை இருந்தது, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன, சேட்டுக் கடையின் அடகுச் சீட்டுகள் இருந்தன. புடவை மடிப்புகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு, மிச்சம் பிடித்த பணமும் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவுக்குத் தினக்கூலி. கப்பல் வராத நாளில் வேலை இல்லை, வேலை இல்லாத நாளில் கூலி இல்லை. அப்படிப்பட்ட நாளில் அப்பா மெல்லிய குரலில், ‘பொட்டியில எதுனா கீதா?’ என்று கேட்பார். பணம் இருக்கிறதா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏழு குடும்பங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் பணம் என்ற சொல்லை உரக்கச் சொல்வது இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் அவமானம். அம்மா, ‘பொட்டி காலி’ என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் இடுப்பிலிருந்து சாவியை எடுப்பார்.

இன்றைக்குத் தேநீர்க் கடையில் நீங்கள் கேட்கும் ‘பொட்டி’ இங்கிருந்து புறப்பட்டதுதான் என்பது என் துணிபு. உள்ளே இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில், அதை வைத்திருக்கும் பெட்டியின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அம்மா கூச்சத்தால் சொன்னார், இன்னொருவர் அச்சத்தால் சொல்கிறார், வேறொருவர் துக்கத்தால் சொல்கிறார். காரணங்கள் வேறானாலும் சொல் இயங்கும் முறை ஒன்றே.

தமிழ் இலக்கணம் இந்த முறைக்கு என்றோ பெயரிட்டுவிட்டது. ஓர் இடத்தின் பெயர் அந்த இடத்தில் உள்ள பொருளுக்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ‘சென்னை வென்றது’ என்றால் வென்றது ஊரன்று, ஊரிலிருந்து வந்த அணி. ‘பொட்டி கை மாறியது’ என்றால் மாறியது பெட்டியன்று, அதற்குள் இருந்த பணம். மேலும், பவணந்தி முனிவர் நன்னூலில் வழக்கை வகுக்கும்போது, தகுதி வழக்கு என்ற தலைப்பில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றையும் சொல்கிறார். சபையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது முதலாவது, மங்கலமில்லாததை மங்கலமாக்கிச் சொல்வது இரண்டாவது, ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி சொல்வது மூன்றாவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் மூன்றாவதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகள். பொற்கொல்லரின் பறிக்கு இலக்கணத்தில் இடமுண்டு என்றால், துறைமுகத் தொழிலாளியின் பொட்டிக்கும் அதே வரிசையில் இடமுண்டு.

அரசியல் பேச்சில் வரும் பெட்டியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ‘பொட்டி வாங்கிட்டாரு’, ‘பொட்டி போயிடுச்சு’, ‘பொட்டி கை மாறிடுச்சு’ என்பன எல்லாம் கையூட்டையோ, கணக்கில் வராத பெருந்தொகையையோ குறிக்கும். மும்பையில் பேட்டி என்றால் இலட்சம் என்றும், கோக்கா என்றால் கோடி என்றும் ஒரு கணக்கு உண்டு. நம்முடைய பொட்டிக்கு அப்படி வரையறுத்த தொகை கிடையாது. பையில் அடங்காத தொகை என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. சொல்கிறவர் தொகையை அறிந்து சொல்வதே இல்லை, ஊகத்தில்தான் சொல்கிறார். ஆகவே இந்தப் பொருளில் பொட்டி என்பது ஒரு குற்றச்சாட்டு. புதிதாக ஊருக்கு வந்தவர் இதைக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் பெயர் சொல்லி ஒருவர்மேல் தாமே ஏற்றிப் பேசாதிருப்பது நல்லது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பொட்டியின் பொருளைத் தீர்மானிப்பது அதற்குப் பின்னால் வரும் வினைச்சொல். வாங்கினால், மாறினால் அது பணம். கட்டினால் அது வெளியேற்றம்: ‘பொட்டியக் கட்டிக்கினு கெளம்பு’ என்றால் உனக்கு இனி இங்கே இடமில்லை என்று பொருள். பெட்டி படுக்கையோடு புறப்பட்ட பழைய வழக்கில் படுக்கை உதிர்ந்துபோய்ப் பெட்டி மட்டும் மிஞ்சியது இது. உடைத்தால் அது தேர்தல். தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு இயந்திரம் வந்துவிட்டது, உடைப்பதற்குத் தகரப் பெட்டியும் இல்லை, கொட்டுவதற்குச் சீட்டும் இல்லை. ஆனாலும் எண்ணிக்கை நாள் வரும்போது, ‘பொட்டிய ஒடச்சாத்தான் தெரியும்’ என்றுதான் இன்னும் பேசுகிறோம். வினையைத் தவறவிட்டால் பொருளும் தவறிவிடும். உங்கள் குழப்பத்திற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சினிமாவில் பொட்டி ‘வரும்’. படச்சுருள் இருந்த காலத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடிச் சுருள். அவ்வளவையும் தனித்தனி வட்டத் தகரங்களில் சுற்றி, பெட்டியில் அடுக்கித் திரையரங்குக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டி வந்துசேராமல் முதல் காட்சி தொடங்காது. அகஸ்தியா வாசலிலும் மகாராணி வாசலிலும் விடியற்காலையில் கூடி நின்ற கூட்டம் ‘பொட்டி வந்துச்சா?’ என்று கேட்டதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன், கேட்டவர்களில் நானும் ஒருவன். பெட்டிக்குப் பூமாலை போட்டு, கற்பூரம் காட்டி, தோளில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் ஒரு படத்தின் வாழ்வும் சாவும் பெட்டியை வைத்தே சொல்லப்பட்டன. வெளிவராத படம் பெட்டிக்குள் முடங்கியது, ஓடாத படம் பெட்டிக்குள் திரும்பியது. இப்போது படம் கோப்பாக வருகிறது, 2020இல் அகஸ்தியாவும் மூடப்பட்டுவிட்டது. இருந்தும் புதுப்படம் தாமதமாகும்போது வயதானவர்கள் பொட்டி வரவில்லை என்றே சொல்கிறார்கள்.

வடசென்னைக்கு இந்தச் சொல்லோடு உள்ள உறவு இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு இன்னொரு காரணத்தை நான் நெடுநாளாக எண்ணிவந்திருக்கிறேன். இந்தப் பகுதியின் பிழைப்பே பெட்டிகளோடு நடக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. 1955 அக்டோபர் 2ஆம் நாள் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கிவைத்தார். அங்கே வேலைக்குப் போன பல வீடுகளில், ‘எங்க நைனா பொட்டி செய்யற எடத்துல வேலை பாக்குறாரு’ என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டித் தடத்து மின்தொடரில் போகிறவர்களுக்கு லேடீஸ் பொட்டி, கடைசிப் பொட்டி, கூடைக்காரர்கள் ஏறும் பொட்டி என்று ஒவ்வொன்றும் தனி முகவரி. கடற்கரைப் பக்கம் வந்தால், திருவொற்றியூர் சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர்கள் கண்டெய்னரையும் பொட்டி என்றே சொல்வார்கள். இருபதடிப் பொட்டி, நாற்பதடிப் பொட்டி, காலிப் பொட்டி. என் அப்பாவின் காலத்தில் முதுகில் ஏறிய மூட்டைகள் எல்லாம் இந்தப் பெட்டிகளுக்குள் போய்விட்டன, அவற்றோடு மூட்டை தூக்குகிறவர்களின் வேலையும் போய்விட்டது. அவர் கடைசிவரை கண்டெய்னர் என்று சொன்னதில்லை. ‘அந்தப் பொட்டி வந்துதான் எங்க பொழப்பு போச்சு’ என்பார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பொட்டியும் பொழப்பும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள், இரண்டும் நான் மேலே சொன்ன அதே ஒலிவிதியில் விளைந்தவை.

வண்ணாரப்பேட்டைக்காரன் இஸ்திரிப் பெட்டியைச் சொல்லாமல் விட்டால் அது நன்றி கொன்றதாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியேறியதால் பெயர் பெற்ற ஊர் இது. கரி போட்டு ஊதிச் சூடேற்றும் அந்தக் கனத்த பெட்டி இன்றும் சில தெருமுனைகளில் தள்ளுவண்டிமேல் இருக்கிறது. வத்திப்பொட்டி, கல்லாப்பொட்டி, அஞ்சறைப்பொட்டி, பொட்டிக்கடை ஆகியவற்றை நீங்களே அறிவீர்கள்.

பெட்டியைப் போலவே தோன்றும் இன்னொரு சொல்லையும் இங்கே பிரித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. டப்பா என்பது இந்தியிலிருந்து வந்தது. கொள்கலன் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வழக்கில் டப்பா என்றால் மதிப்பில்லாதது: டப்பா படம், டப்பா வண்டி. பொட்டி என்றாலோ உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். வெறுமையாக இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் ‘காலிப் பொட்டி’ என்று அடைகொடுத்தாக வேண்டும். டப்பாவுக்கு அந்த அடை தேவைப்படுவதில்லை. பீரோவும் ஒரு முறை குழூஉக்குறிக்குள் வந்தது. மேசையையும் அலுவலகத்தையும் குறித்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியே வந்து நம்மிடம் இரும்பு அலமாரி ஆயிற்று. சன்னலுக்கு அருகே இருக்கும் பீரோவை வெளியிலிருந்து கம்பியால் இழுத்து நகை திருடுகிற முறைக்குப் ‘பீரோ புல்லிங்’ என்று காவல்துறையினரும் செய்தித்தாள்களும் பெயரிட்டார்கள். அது ஒரு குற்றத்தின் பெயராகவே நின்றுவிட்டது, வீட்டுப் பேச்சுக்குள் வரவில்லை.

ஐஸ் பொட்டிக்கு வருகிறேன், ஏனெனில் நீங்கள் அதில்தான் மிகவும் சங்கடப்பட்டிருக்கிறீர்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பொட்டி என்றால் நொறுக்கிய பனிக்கட்டியோடு மீனை அடுக்கும் பெட்டி. எங்கள் பாட்டிகளின் பேச்சில் குளிர்சாதனப் பெட்டியும் ஐஸ் பொட்டிதான். சாவு விழுந்த வீட்டிலோ, அது உடலைக் கிடத்தி வைக்கும் கண்ணாடி மூடியிட்ட பெட்டி, மின்சாரத்தில் இயங்குவது, நாள் வாடகைக்கு வருவது. வெளியூரிலிருந்து மகனோ மகளோ வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டிய வீடுகளில் அது இல்லாமல் முடியாது. முன்பெல்லாம் பனிக்கட்டிப் பாளங்களை வாங்கிவந்து உடலைச் சுற்றி வைப்பார்கள், தரையெல்லாம் ஈரமாகி அழுகிறவர்கள் உட்கார இடமின்றி நிற்பார்கள். அந்த நிலையைப் பார்த்தவர்கள் இந்தப் பெட்டியை நன்றியோடுதான் பேசுவார்கள்.

கிறித்தவக் குடும்பங்கள் மிகுந்த இராயபுரம் பக்கத்தில் ‘பொட்டி சொல்லியாச்சா?’ என்று கேட்டால் சவப்பெட்டிக்கு ஏற்பாடு ஆயிற்றா என்று பொருள். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவரைப் பற்றி ‘பொட்டியில வந்தாரு’ என்றால் அதற்குமேல் எதுவும் கேட்கக் கூடாது. இந்த இடங்களில் எவரும் சவம் என்றோ பிணம் என்றோ முன்னொட்டுச் சேர்ப்பதில்லை. சேர்க்காமல் விடுவதே மரியாதை. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்றும், சுடுகாடு என்னாமல் நன்காடு என்றும் சொல்வதை மங்கலம் என்று நன்னூல் வழி படித்த நமக்கு, இந்தப் பொட்டியும் மங்கலமே என்று புரிந்துகொள்வது கடினமாக இருக்காது. ஆகவே அந்தத் தெருவில் நீங்கள் மீன்பெட்டியை நினைத்தது பிழையன்று, அந்த வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு மட்டும் அது வேறு பெட்டி. மறுமுறை அப்படி ஒரு கேள்வி காதில் விழுந்தால், ‘எந்த ஐஸ் பொட்டி?’ என்று திருப்பிக் கேட்காமல், கண்ணாடி மூடியைத் தூக்கவோ மின்கம்பியை நீட்டவோ ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். தெரு உங்களைத் தன் ஆளாக எண்ணத் தொடங்கிவிடும்.

கடைசியாக, உங்கள் வேலையைக் குறித்த பொட்டி. கணினி வீடுகளுக்கு வந்தபோது அது உண்மையிலேயே ஒரு பெட்டியாகத்தான் இருந்தது: பின்புறம் புடைத்த கனமான திரை, அதன் அருகில் நிற்கும் இன்னொரு பெட்டி. அதற்கு முன்பே வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் பழகிப்போயிருந்ததால், பேசுகிற, படம் காட்டுகிற எதுவும் பெட்டி என்பது மக்களுக்கு இயல்பாகவே வந்தது. தட்டுதல் என்ற வினை தட்டச்சிலிருந்து வந்தது. எழுதுகிறீர்களா, கணக்கிடுகிறீர்களா, வடிவமைக்கிறீர்களா என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது, விரல்கள் தட்டுவது மட்டும் தெரியும். இன்று உங்கள் கையில் இருப்பது புத்தகம்போல் மெலிந்த மடிக்கணினி. பெட்டியின் வடிவம் போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. இங்கும் உள்ளே நடப்பதைச் சொல்லத் தெரியாமல் வெளியே உள்ளதன் பெயரால் சொல்கிறோம். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இயங்கிய அதே முறைதான்.

அது இளக்காரமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறவரைப் பொறுத்தது. உங்கள் துறையில் இருப்பவர்களே தம்மைப் பற்றிச் சலிப்போடு, ‘நாளெல்லாம் பொட்டி தட்டிட்டு இருக்கோம்’ என்று சொல்வதுண்டு, அதில் ஒரு கசப்பு இருக்கும். ‘பொட்டி தட்றவனுங்க வந்துதான் வாடகை ஏறிப்போச்சு’ என்று ஒருவர் சொன்னால் அதில் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. வீட்டுக்காரம்மா சொன்ன வாக்கியத்தில் இவை இரண்டும் இல்லை. அவர் ‘தம்பி’ என்று தொடங்குகிறார், ‘பாக்குறாரு’ என்று மரியாதைப் பன்மையில் முடிக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருவரை இறக்கிப் பேச நினைத்தால் வினைமுற்று முதலில் ‘பாக்குறான்’ என்று மாறிவிடும். இன்ன பட்டம், இன்ன பதவி என்று அவரால் விளக்க முடியாத உங்கள் தொழிலை, அக்கம்பக்கத்தாருக்கு விளங்கும் ஒரே சொல்லால், வாடகைக்கு வந்தவர் நம்பத்தக்க வேலையில் இருக்கிறார் என்று அவர் சான்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை அவர் அப்படி அறிமுகப்படுத்தும்போது, ‘ஆமாங்க்கா, பொட்டி தட்ற வேலைதான்’ என்று சொல்லிவிடுங்கள்.